டெம்போவின் உயிர் குடத்தில் இருந்தது

ஹேராகாஜிக்கு ஒரு பழக்கம் இருந்தது. தெருவில் மனைவி ஓட்டிவரும் டெம்போவைக் கண்டால் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்வார். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, இருபது வருஷத்துக்கும் மேலாக. லகன்கேல் சந்தையில் முள்ளங்கிக் கட்டோடு நிற்பார். ஜாவலாகேல் திருப்பத்தில் சிநேகிதர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். மூன்று சக்கர பேட்டரி வண்டி ஒன்று முனகிக்கொண்டே பக்கத்தில் வந்து நிற்கும். சட்டென்று அவர் தலை கூட்டத்தில் காணாமல் போய்விடும். வார் என்ற ஒன்றே இல்லாத ரப்பர் செருப்பு போட்டிருந்த நாட்களிலும் குனிவார்.

நானிமாயா ஓட்டுநர் இருக்கையிலிருந்து இதைப் பார்ப்பாள். முதல் வருஷம் அழுகை வந்தது. மூன்றாம் வருஷம் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அது சாலையில் இருக்கும் ஒரு குழி மாதிரி ஆகிவிட்டது. எந்த இடத்தில் வரும் என்று தெரியும். கொஞ்சம் ஒதுங்கிப் போய்விடுவாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை என்றுதான் நேபாளத்துப் பாட்டன் நகரத்து ஆண்கள் சொல்வார்கள். அவர் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் உத்தியோகத்தில் இருந்தவர். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, பாக்கெட்டில் டார்ச். அப்பேர்ப்பட்டவருடைய வீட்டுக்காரி பதினோரு பேரை அடைத்துக்கொண்டு, யாராவது காசால் கூரையைத் தட்டினால் நிறுத்தி, சில்லறை எண்ணி வாங்கினால் மானம் எங்கே தங்கும்? வண்டி ஓட்டி வந்த பணத்தில் வாங்கிய அரிசியும் எருமைக்கறியும் அந்த மானத்தின் வழியாகத்தான் உள்ளே போயின. தொண்டையில் எதுவும் சிக்கவில்லை.

காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடியது. கொட்டகை மூடிக் கடைவீதியாகிவிட்டது. அவளை வேலைக்கு வைத்திருந்த டெம்போ கம்பெனியும் படுத்துவிட்டது. நானிமாயா தன் வண்டியைத் தன் பெயரிலேயே வாங்கிக்கொண்டாள். நாலைந்து வருஷம் ஓட்டினாள். பிறகு பேட்டரிகள் செத்தன. புது பேட்டரி வாங்கும் அளவுக்கு வீட்டில் வசதி இல்லை. முற்றத்தின் நடுவில் இருக்கும் சிறு ஸ்தூபிக்குப் பக்கத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள். அவள் ஒரு பள்ளி விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

ஏழு வருஷம் வண்டி அங்கேயே நின்றது. முற்றத்தைச் சுற்றியுள்ள வீடுகள் அதற்கு ஆளுக்கொரு வேலை கொடுத்தன. கூரையில் மிளகாய் காய்ந்தது. பயணிகள் உட்கார்ந்த இடத்தில் கோழிகள் உட்கார்ந்தன. அவை சில்லறை கொடுக்கவில்லை என்பதைத் தவிரப் பெரிய வித்தியாசமில்லை. ஹேராகாஜி அதைக் கடந்து போகும்போதெல்லாம், இந்தத் தகர டப்பாவை எப்போது பழைய இரும்புக்காரனுக்குப் போடப்போகிறாய் என்று கேட்பார். நானிமாயா மிளகாயைப் புரட்டிப் போடுவாள். அவள் எதற்கும் சட்டென்று பதில் சொல்கிறவள் அல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிறவள். அவள் கூச்சமில்லாமல் இருந்த ஒரே இடம் அந்த ஓட்டுநர் இருக்கைதான். அங்கே எல்லோருக்கும் முதுகு காட்டி உட்காரலாம். எல்லோரையும் கண்ணாடியில் பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும்போது கை ஈரத்தில் ஊறும். மனம் ஜாவலாகேல் திருப்பத்தில் வண்டியை வளைத்துக்கொண்டிருக்கும். மறுபடி ஓட்ட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அப்படியிருக்க, ஒரு வசந்தகாலத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்தூபியைப் பார்க்க வந்தார். ஸ்தூபிக்கு வயது ஆயிரத்துச் சொச்சம். அதை இரண்டு படம் எடுத்தார். டெம்போவை நாற்பது படம் எடுத்தார். கோழியைத் தள்ளிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார், இறங்கிக் கீழே படுத்துப் பார்த்தார், அச்சாணியைத் தடவினார். உலகத்தில் யாரும் மின்சார வண்டியைப் பற்றி நினைக்காத காலத்தில் உங்கள் ஊரில் இது ஓடியிருக்கிறதே, எங்கள் நாட்டில் என்றால் கண்ணாடிக்குள் வைத்திருப்போம் என்று சொன்னார். ஹேராகாஜி பத்து வருஷம் ஆங்கிலப் படத்துக்கு டிக்கெட் கிழித்தவர், எல்லாம் புரிந்தது. அன்று சாயங்காலமே முற்றத்தில் அறிவிப்பு செய்தார்.

"இனிமே யாரும் இத டப்பானு சொல்லாதீங்க. இது ஆன்ட்டிக்."

டப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

மறுநாள் மிளகாய் இறங்கியது, கோழிகள் வெளியேற்றப்பட்டன. வாரத்துக்குள் புனரமைப்புக் குழு ஒன்று உருவாகிவிட்டது. நிலநடுக்கத்துக்குப் பிறகு பாட்டனில் எதைச் சரிசெய்ய வேண்டுமானாலும் குழு வேண்டும். குழாய் ஒழுகினாலே ஏழு பேர் உட்கார்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஹேராகாஜி தலைவர். மரச்சிற்பி ஜோக்லால் செயலாளர். மற்ற ஐந்து பேர் உறுப்பினர்கள். அவர்கள் வேலை உட்கார்ந்து அயிலா சாராயம் குடித்தபடி "ஆமாம்" சொல்வது. வண்டிக்குச் சொந்தக்காரியின் வேலை அவித்த சோயாவும் அவலும் கொண்டுவந்து வைப்பது. வண்டியின் பழைய நிறம் எது என்று குழு மூன்று கூட்டம் போட்டு விவாதித்தது. வெள்ளையா, பச்சையா, பச்சையின்மேல் வெள்ளையா? சுரண்டிப் பார்த்தார்கள். இருபது வருஷம் அதைக் கழுவித் துடைத்தவள் அவல் தட்டோடு பக்கத்தில் நின்றாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைசியில், ரதங்களுக்கு எப்போதும் சிவப்புதான் என்று ஜோக்லால் சொல்ல, வண்டி ஒருபோதும் இருந்திராத சிவப்பு அதன் பழைய நிறமாக முடிவாயிற்று.

நல்ல காரியத்தை முறையோடு தொடங்க வேண்டுமே. கோயிலில் ஒரு ஓடு மாற்றுவதானாலும் முதலில் சாமியின் உயிரை இறக்கிக் குடத்துத் தண்ணீரில் வைத்துவிட்டுத்தான் உளியைத் தொடுவார்கள். இல்லாவிட்டால் சாமியின் உடம்பிலேயே உளி வைத்த பாவம். டெம்போவுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா என்று ஹேராகாஜி கேட்டார். குருஜு வரவழைக்கப்பட்டார். வஜ்ராசாரிய குடும்பத்துப் பூசாரி, எண்பதை நெருங்கியவர், காது கொஞ்சம் மந்தம், தட்சிணை விஷயத்தில் மட்டும் கூர்மை. மூன்று சக்கர வண்டியின் உயிரை இறக்கச் சாஸ்திரத்தில் இடமுண்டா என்று சற்று யோசித்தார். தேருக்கு உண்டு, தேருக்கும் சக்கரம்தானே என்று தெளிந்தார். மந்திரம் சொல்லி, முன் கண்ணாடியில் அரிசியைத் தூவி, நூலைக் கட்டி இழுத்து, டெம்போவின் உயிரைப் பித்தளைக் குடத்துக்குள் இறக்கினார். நூல் சுற்றிய குடம் நானிமாயாவின் அடுக்களைக்கு மேலே உள்ள பூசை அலமாரியில் வைக்கப்பட்டது. தினமும் பூ வைப்பதும் விளக்கேற்றுவதும் அவள் பொறுப்பு.

குருஜு போகும்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். உயிர் திரும்பி ஏறும்வரை முற்றத்தில் நிற்பது வெறும் இரும்பு. வெட்டலாம், கழற்றலாம், யார் கை பட்டாலும் தோஷமில்லை.

நானிமாயா அதைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அது அவளுக்கு எதற்கும் பயன்படுகிற பேச்சாகத் தோன்றவில்லை.

வேலை தொடங்கியது. பாட்டன்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் அதைக் கோயிலாக்கிவிடுவார்கள், கைப்பழக்கம் அப்படி. பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு ஜோக்லால் சாலமரத்தில் பின்னல் ஜன்னல் செதுக்கினார். வேலை அற்புதம், அதைக் குறைசொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யாரும் தெரியாது, உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது. ரெக்சின் பெஞ்சுகள் போய் இரண்டு ஆள் தூக்க முடியாத செதுக்குப் பலகைகள் வந்தன. கூரையைத் தாங்க நான்கு மரச்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் பல கைகளோடு ஒரு தேவதை. முன்சக்கரத்துக்கு இருபுறமும் பித்தளைச் சிங்கம். முகப்பில் இரண்டு பெரிய கண்கள். விளக்கு இருந்த இடத்தில் கண் வந்துவிட்டதால் விளக்கு வேண்டாம் என்று குழு தீர்மானித்தது. கூரையைச் சுற்றி இலை வடிவ மணிகள், உச்சியில் முலாம் பூசிய கலசம். அடுத்த நிலநடுக்கத்தைத் தாங்க வேண்டும் என்று மூட்டுகளில் ஆப்பு வேறு அடித்தார்கள். சாலையில் ஓட வேண்டிய வண்டி நிலநடுக்கத்தில் என்ன செய்யும் என்று கேட்க அங்கே ஆளில்லை.

ஆடி மாத மழையில் முற்றம் சொதசொதவென்று கிடந்தபோது டெம்போவின் மூன்று சக்கரமும் அரை விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தன. பார்த்துவிட்டு ஹேராகாஜி பெருமைப்பட்டார். "என்ன கனம் பாத்தியா! அந்தக் காலத்து வண்டி."

அந்த மழையில்தான் சுந்தலி வந்தாள். சுந்தலி தாமாங் இனத்துக்காரி. நானிமாயாவோடு ஒரே வரிசையில் பதினைந்து வருஷம் டெம்போ ஓட்டியவள். நானிமாயா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசிவிடுவாள். குடையை மடக்காமலே முற்றத்தில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உன் வண்டிக்குக் கல்யாணமா, கருமாதியா?"

பிறகு அடுக்களையில் உட்கார்ந்து வந்த விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய டெம்போவில் உடம்பு நன்றாக இருக்கிறது. தடத்து அனுமதியும் இருக்கிறது. பேட்டரியைச் சார்ஜ் நிலையத்தில் நாள்வாடகைக்குத் தருகிறார்கள். மோட்டார்தான் கருகிப்போய்விட்டது. அந்தப் பழைய மோட்டார் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. தசைன் பண்டிகைக்குள் வண்டி வரிசையில் வந்து நிற்காவிட்டால் அவளுடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நானிமாயாவின் மோட்டார் ஏழு வருஷம் சும்மா கிடந்தாலும் நல்ல நிலையில் இருக்கும். அவள் வைத்திருந்த பதம் அப்படி. அதைத் தூக்கி இதில் வைத்தால் காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி.

"காலையில நீ எடு, மத்தியானத்துக்கு மேல நான். வேற யார்கிட்டயும் கேக்கப்போறதில்ல. நீ மாட்டேன்னா நானும் உன் பள்ளிக்கூடத்துக்கே பாத்திரம் தேய்க்க வந்துர்றேன்."

நானிமாயாவுக்குக் காது சூடாகிவிட்டது. தேநீர் ஊற்றினாள்; கோப்பை வழிந்து ஓடியது. சுந்தலி அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்து, மூன்றாம் நாள் சோற்றுத் தட்டை வைக்கும்போது கணவரிடம் கேட்டாள். வண்டி நிற்கத்தானே போகிறது, மோட்டாரை எடுத்துக்கொள்ளட்டுமா என்று. ஹேராகாஜி பருப்பைப் பிசைந்த கையை நிறுத்தினார். ஆன்ட்டிக்கின் மோட்டாரைக் கேட்கிறாயே, கோயில் சாமியின் ஈரலைக் கேட்பாயா என்றார். குழுவில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றார். மறுநாள் குழுவில் வைத்தார். ஆறு பேர் "ஆமாம்" என்றார்கள். எதற்கு ஆமாம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மோட்டார் கொடுப்பதற்கில்லை என்று அதைப் பதிவு செய்தார்கள். திறப்பு விழாவுக்கு வார்டுத் தலைவர் வரப்போகிறார். அவர் முன்னால் வண்டி தானாக ஓடி ஸ்தூபியைச் சுற்றி வரவேண்டும். ஹேராகாஜியே ஓட்டுவார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரியே இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கும்வரை அது ஒரு கவலையாக அவருக்குத் தோன்றவில்லை. பேட்டரியைக் கடைசி நாளில் வாடகைக்குக் கொண்டுவந்து பொருத்தலாம் என்று குழு நினைத்திருந்தது.

"உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல வண்டி?" என்று ஜோக்லால் ஆறுதலாகக் கேட்டார். "அண்ணன் ஓட்டுறத உக்காந்து பாருங்க அண்ணி. பெருமையா இருக்கும்."

நானிமாயா அவல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது குடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய டெம்போவின் உயிர் அவளுடைய அடுக்களையில், அவள் தேய்த்த பித்தளையில், அவள் வைத்த சாமந்திக்குக் கீழே இருந்தது. முற்றத்தில் இருப்பது வெறும் இரும்பு. குருஜு சொன்னதை அவள் அப்போதுதான் இரண்டாம் முறையாகக் கேட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் குருஜுவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். கிழவர் வெயிலில் உட்கார்ந்து கடுகெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குருஜு, உசுரு குடத்துல இருக்கறப்ப வண்டியிலேர்ந்து ஒரு சாமான கழட்டுனா, வண்டிக்கு வலிக்குமா?"

"என்ன?"

இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

"எப்படி வலிக்கும்? அது இரும்பு," என்றார் குருஜு. "உசுரு எங்கிட்ட கேட்டுட்டுத்தான இறங்குச்சு. எந்தச் சாமானும் கழட்டலாம். புதுசா வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி. நான் ஏத்துறப்ப என்ன இருக்கோ அதுல ஏறிக்கும்."

"சொந்தக்காரங்களே கழட்டலாமா?"

"சொந்தக்காரங்கதான் கழட்டணும். மத்தவன் கழட்டுனா அதுக்குப் பேரு வேற."

அவள் காலில் விழுந்து எழுந்து போனாள். அவள் யார், எந்த வண்டி, எந்தச் சாமான் என்று குருஜு கேட்கவில்லை. அப்படிக் கேட்க வைக்கும் அளவுக்கு அவள் அன்று தட்சிணையும் கொண்டுவரவில்லை.

இனி ஒரு நாள் வேண்டும். முற்றத்து ஆண்கள் யாரும் எழுந்து வர முடியாத நாள்.

அப்படி ஒரு நாள் பாட்டனில் எல்லாக் குலத்துக்கும் உண்டு: குத்தி என்கிற குலச் சங்கத்தின் விருந்து. குலத்தின் ஆண்கள் வயது வரிசையில் கோரைப்பாயில் நீளமாக உட்காருவார்கள். தலைமாட்டில் மூத்தவர். இலைத் தட்டில் அவல், கருப்பு சோயா, பொரித்த உளுந்தப்பம், எருமைக்கறி ஆறு வகை, கடைசியில் தயிர். நடுவில் அயிலா ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூத்தவர் சாப்பிட்டு முடித்து எழுந்தால்தான் மற்றவர் எழலாம். வீடு பற்றி எரிந்தாலும் அதற்கு முன் எழுந்தவன் குலத்தின் சோற்றை அவமதித்தவன். அடுத்த வருஷம் அவனுக்குப் பாய் கிடையாது. ஹேராகாஜி குலத்து மூத்தவருக்கு அந்த வருஷம் வயது தொண்ணூற்று ஒன்று. பல் மூன்று. அவர் ஒரு கறித்துண்டை வாயில் போட்டால் அதை மென்று முடிப்பதற்குள் ஒரு பருவம் மாறிவிடும் என்று மருமகள்கள் சொல்வார்கள்.

விருந்து தசைனுக்கு முந்தைய வாரம். ஆண்கள் காலையிலேயே வெள்ளைச் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாகக் கிளம்பிக் குலத்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதினொரு மணி வெயிலில் சுந்தலி இரண்டு ஓட்டுநர் பெண்களோடும் ஒரு தள்ளுவண்டியோடும் முற்றத்துக்குள் நுழைந்தாள். ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. ஸ்பேனர் சத்தம் நாலு வீட்டுக்கும் கேட்டது. மாடி ஜன்னல்களில் பெண்களின் தலைகள் ஒவ்வொன்றாக முளைத்தன. யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி தேநீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி பழைய கந்தல் துணி கொண்டுவந்தாள். ஜோக்லாலின் மனைவி தன் கணவர் செதுக்கிய பலகையை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தாள். வீட்டுக்கு ஒரு கட்டில் செதுக்கச் சொல்லி நாலு வருஷமாகக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

நானிமாயா கீழே படுத்திருந்தாள். துருப்பிடித்த திருகாணி ஒன்று அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திருகினாள். நாலாவது திருகில் அது இளகியது. 

குலத்து வீட்டிலும் சேதி போய்ச் சேர்ந்தது. பரிமாறப் போயிருந்த மருமகள் ஒருத்தி, ஹேராகாஜியின் இலையில் அவல் போடக் குனிந்தபோது காதில் சொல்லிவிட்டாள்.

"மாமா, முற்றத்துல அத்தை மோட்டார எறக்குறாங்க."

ஹேராகாஜி எழப்போனார். முழங்கால் பாதி நிமிர்ந்துவிட்டது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. தலைமாட்டில் மூத்தவர் அப்போதுதான் நாலாவது வகைக் கறியில் கை வைத்திருந்தார். மெல்லுவதை நிறுத்தி, புருவத்தைத் தூக்கினார். ஹேராகாஜி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஜோக்லால் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, கால் மரத்துவிட்டது என்றார் ஹேராகாஜி. உண்மையைச் சொன்னால், தன் வீட்டுக்காரியைத் தன்னால் அடக்க முடியவில்லை என்று வரிசையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துபோகும். மூத்தவர் மென்றார். அயிலா வந்தது. ஐந்தாம் வகை வந்தது. ஆறாம் வகை வந்தது. தயிர் வரும்போது வெயில் எதிர்ச்சுவரில் பாதிக்கு ஏறிவிட்டது. மூத்தவர் தயிரில் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். அதைத் தேடி எடுத்துவர ஒரு யுகம் ஆயிற்று. ஹேராகாஜி வாழ்க்கையிலேயே அதிகம் சாப்பிட்ட விருந்து அதுதான். அவருக்கு அதன் ருசி எதுவும் நினைவில்லை.

அவர் வீடு திரும்பியபோது முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்து இருந்தது. டெம்போ தன் சிங்கங்களோடும் தேவதைகளோடும் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் குனிந்து அடியில் பார்த்தார். பிறகு மெல்ல மாடி ஏறினார். நானிமாயா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"எடுத்துட்டியா?"

"உசுர எடுக்கல. அது குடத்துலதான் இருக்கு. மோட்டார எடுத்தேன்."

"வார்டுத் தலைவர் வர்றாரு. நான் என்ன சொல்ல?"

"என்னையா கேக்கறீங்க? குழுவுல வெய்யுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குழுவில் வைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வைத்தால் ஊர் சிரிக்கும்; அந்தச் சிரிப்பைத் தாங்குகிற மனிதராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. கடைசியில், ராத்திரிக்கு ஒன்றும் வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது என்றார்.

சுந்தலியின் டெம்போ தசைனுக்கு மூன்று நாள் முன்னதாக லகன்கேல் வரிசையில் வந்து நின்றது. முதல் நடையை நானிமாயா எடுத்தாள். யாரோ கூரையில் காசால் தட்டினார்கள். அவள் நிறுத்தினாள்.

திறப்பு விழா தசைன் கழிந்து நடந்தது. முற்றம் நிறைய ஆட்கள், சாமந்தி மாலைகள், தாளம், மத்தளம். வாடகை பேட்டரி வேண்டாம் என்று ஹேராகாஜி கடைசி நேரத்தில் சொல்லிவிட்டதால் குழுவுக்கு ஒரே வியப்பு. செலவு மிச்சம் என்று ஆமாம் சொன்னார்கள். பேட்டரி இல்லாமல் வண்டி எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. குருஜு குடத்தை இறக்கி, மந்திரம் சொல்லி, தண்ணீரை வண்டியின் நெற்றியில் ஊற்றி உயிரை ஏற்றினார். அவர் சொன்னபடியே, என்ன இருந்ததோ அதில் ஏறிக்கொண்டது. வார்டுத் தலைவர் நாடாவை வெட்டினார். பிறகு எல்லோரும் ஹேராகாஜியைப் பார்த்தார்கள். இப்போது வண்டி ஓட வேண்டும்.

ஹேராகாஜியின் நெற்றியில் சிவப்புத் திலகம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. நானிமாயா சுவரோரமாக, தன் வழக்கமான இடத்தில் நின்றாள். ஒரு வார்த்தை போதும். அவருடைய ஆன்ட்டிக்கும் குழுவும் கழுத்துப் பொத்தானும் எல்லாம் போய்விடும். அவள் சொல்லவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏம்ப்பா, நம்ம ஊர்ல எந்தத் தேராவது தானா ஓடியிருக்கா? கயிறக் கொண்டாங்க."

 கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. அதுதானே முறை! இவ்வளவு சிற்பமும் கலசமும் வைத்துவிட்டுச் சாவியைத் திருகி ஓட்டினால் நன்றாகவா இருக்கும்? ஊர்த் திருவிழாவில் மச்சேந்திரநாதர் தேருக்கு வாங்கி மிச்சமிருந்த வடக்கயிறு வந்தது. முன்சிங்கங்களில் கட்டினார்கள். ஆண்கள் இருபது பேர் "ஹோஸ்தே, ஹைன்சே" என்று கூவி இழுத்தார்கள். மண்ணில் புதைந்த சக்கரம் கிளம்பவே கால் மணி ஆயிற்று. இழுத்து இழுத்து ஸ்தூபியை ஒரு சுற்று சுற்றினார்கள். ஒரு மணி உதிர்ந்தது. ஒரு தேவதைக்குக் கை போயிற்று. பெண்கள் மாடியிலிருந்து அரிசியும் பூவும் தூவினார்கள். ஜோக்லாலின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னலை மூடிக்கொண்டாள். வார்டுத் தலைவர், தூய மின்சாரத்தில் பாட்டன் எப்போதோ உலகத்துக்கே வழிகாட்டிவிட்டது என்று பேசினார். இருபது பேர் மூச்சு வாங்கிக்கொண்டே கைதட்டினார்கள்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. டெம்போவுக்கு இப்போது தனியாக ஒரு குத்தி இருக்கிறது. ஹேராகாஜி அதன் தலைவர். தசைன் கழிந்து வருஷம் ஒரு முறை அதைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். விருந்துச் செலவு வீட்டுக்கு வீடு முறை வைத்து வருகிறது. அதில் மோட்டார் இல்லை என்பது முற்றத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆண்களில் ஹேராகாஜிக்கு மட்டும் தெரியும். நானிமாயா விடியற்காலையிலிருந்து மத்தியானம்வரை லகன்கேல் தடத்தில் ஓட்டுகிறாள். மத்தியானத்துக்கு மேல் சுந்தலி. மோட்டார் நன்றாக ஓடுகிறது. இந்த வருஷம் விருந்து முறை ஹேராகாஜி வீட்டுக்கு வந்திருக்கிறது. எருமைக்கறிக்கு முன்பணத்தை நானிமாயாதான் கொடுத்திருக்கிறாள்.